முதலாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் தேடுகிறவர்களுக்கு, திருகோணமலையிலிருந்து

மகளுக்கு முதலாம் வகுப்பில் இடம் எடுக்கப் போய் நான் பட்ட பாட்டை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அப்போது நேரமும் இருக்கவில்லை, மனமும் இருக்கவில்லை. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி ஒரு தவணை முடிந்துவிட்டது. அவள் படித்த நேர்சறி வாசலில் அடுத்த வருடத்துக்கான அம்மாமார் அதே கேள்விகளோடு நிற்கிறார்கள். எனக்குக் கிடைத்த அதே பதில்கள்தான் அவர்களுக்கும் கிடைக்கின்றன. எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இரண்டு இலட்சத்துக்கு மேல் காசும் ஒரு வருட நிம்மதியும் மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் வவுனியாவிலிருந்து வந்தவர்கள். கணவருக்குக் கட்டாரில் வேலை. எனக்குத் திருகோணமலை டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்ததால் பிள்ளையோடு இங்கே வந்து அலஸ்தோட்டத்தில் வாடகைக்கு வீடு எடுத்தேன். நிலாவெளி வீதியில் பஸ் ஏறினால் டவுனுக்கு அதிக நேரம் எடுக்காது, கடற்காற்று வேறு, வாடகையும் தாங்கக்கூடியது. இந்த ஊரில் எனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நேர்சறி வாசலிலும் மருந்துக்கடை கவுண்டரிலும் காதில் விழுந்ததுதான். அங்கே எப்போதும் நாலைந்து பெயர்கள்தான் ஓடும். சுவாமி விபுலாநந்தர் அதிபராக இருந்த இந்துக் கல்லூரி, 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடங்கிய சண்முகா, புனித மரியாள், மெதடிஸ்த பெண்கள் கல்லூரி, உவர்மலை விவேகானந்தா. இந்தப் பெயர்களைச் சொல்லும்போதே சொல்பவர்களின் குரல் மாறும். அலஸ்தோட்டம், உப்புவெளி, செல்வநாயகபுரம், சாம்பல்தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கேட்டால், "அது இருக்குது, ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பள்ளிக்கூடங்களுக்குள் போய்ப் பார்த்தவர் அவர்களில் எவரும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மகளுக்கு நாலு வயதானபோதே பயம் பிடித்துவிட்டது. அனுமதி பெறும் வருடம் ஜனவரி 31ஆம் திகதிக்குப் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அதற்கு முந்திய வருடம் கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டு விண்ணப்பம் கோரும். அந்தச் சுற்றறிக்கை தமிழிலும் வரும், அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கும். ஆனால் நேர்சறி வாசலில் நின்ற ஒருவரும் அதை முழுதாக வாசித்திருக்கவில்லை. "ஆரைத் தெரியும்?" என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. அடுத்தது, "டவுனுக்குள்ள ஒரு வீடு எடுங்கோ, வாடகை ஒப்பந்தம் ஒண்டு போதும்." இதை ஒருவர் இருவர் அல்ல, கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருடைய பிள்ளை அந்தப் பெரிய பள்ளிக்கூடங்களில் ஒன்றில் படித்துக்கொண்டிருந்ததால் நம்பாமல் இருக்கவும் வழியில்லை. அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது அம்மா அங்கே படித்தவர் என்பதால். அது பிறகு தெரிந்த விஷயம்.

இடங்கள் எப்படிப் பிரிகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாம் வகுப்பு இடங்களில் 50 வீதம் பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கு. 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு. மிச்சம் கல்வித் துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச அலுவலர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் என்று சின்னச் சின்னப் பங்குகள். கணவர் கட்டாரில் இருப்பதால் அந்தக் கடைசிப் பங்கில் எனக்கு இடம் உண்டு என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது பிள்ளையோடு வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களுக்கானது, எங்களைப் போன்றவர்களுக்கு அல்ல. இந்த வீதங்களும், ஒவ்வொரு பிரிவிலும் ஆவணங்களைப் பார்த்துப் புள்ளி போடும் திட்டமும் காலத்துக்குக் காலம் திருத்தப்படும் என்பதால் உங்கள் பிள்ளையின் வருடத்துச் சுற்றறிக்கையை எடுத்து, ஒரு பேனையையும் வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்கு நீங்களே புள்ளி போட்டுப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். அந்த ஒரு மாலை எத்தனை மாத அலைச்சலை மிச்சப்படுத்தும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அண்மையில் வசிப்போர் என்ற பிரிவில் இரண்டு விஷயங்கள்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒன்று வாக்காளர் இடாப்பு. அந்த முகவரியில் கடந்த ஐந்து வருடம் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மற்றது தூரம். உங்கள் வீட்டை நடுவில் வைத்து, நீங்கள் கேட்கும் பாடசாலை வரை நேர்கோட்டில் ஒரு வட்டம் கீறினால், அந்த வட்டத்துக்குள் உங்கள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலை எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் புள்ளி வெட்டுவார்கள். அலஸ்தோட்டத்திலிருந்து டவுன் வரை வட்டம் கீறிப் பாருங்கள். வழி நெடுகப் பள்ளிக்கூடம்தான். அதாவது அங்கே வாடகைக்கு இருந்தாலும் சரி, சொந்த வீடு இருந்தாலும் சரி, அண்மை என்ற பிரிவில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டி போடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். இந்த ஒரு வரியை எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, நான் டவுனுக்குள் வீடு எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டின் பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு குசினியும். மாதம் 35,000. அலஸ்தோட்டத்தில் நான் கொடுத்துக்கொண்டிருந்தது 18,000. ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்டார்கள், 2,10,000. கணவர் கட்டாரில் ஒரு நண்பரிடம் கைமாற்றாக வாங்கி அனுப்பினார். சாமான் ஏற்ற லொறிக்கு 12,000, ஒப்பந்தம் எழுதிய நொத்தாரிசுக்கு 8,000. வீட்டுக்காரர் நல்ல மாதிரித்தான் பேசினார், "மகள், உங்கட பிள்ளைக்கு இடம் கிடைக்கும், இந்த வீட்டில இருந்து எத்தனை பிள்ளையள் போயிருக்குது" என்றார். மின்சார பில்லும் தண்ணீர் பில்லும் அவருடைய பெயரில். என் பெயரில் அந்த முகவரிக்கு இருந்த ஒரே கடதாசி அந்த ஒப்பந்தம்தான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "எல்லாம் செய்து தாறன்" என்று ஒரு ஆள் வந்தார். ஐம்பதாயிரம் கேட்டார். பழைய திகதியில் ஒப்பந்தம், வேறொருவருடைய பில்லில் பெயர் மாற்றம், இப்படி. நான் மாட்டேன் என்றுவிட்டேன். பயத்தினால் மட்டுமல்ல. மகள் முதன்முதலாகப் போகும் இடத்துக்கு ஒரு பொய்யைக் கையில் கொடுத்து அனுப்ப மனம் வரவில்லை. நீங்களும் அந்தப் பக்கம் போகாதீர்கள். நேர்முகத் தேர்வுக் குழு வீட்டுக்கே வந்து பார்க்க முடியும். போலி ஆவணம் என்று தெரிந்தால் சேர்த்த பிள்ளையையும் நீக்க முடியும். ஆறு வயதுப் பிள்ளையைப் பாதியில் நிறுத்தி வெளியே கூட்டிவருவதை நினைத்துப் பாருங்கள்.

விண்ணப்பத்தை மாதிரிப் படிவத்தைப் பார்த்து நாமே தயாரித்துப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கு விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். என்னைச் சுற்றியிருந்தவர்கள், கிட்டவுள்ள சின்னப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதினால் "பெரிய பள்ளிக்கூடத்தில உங்களுக்கு ஆர்வம் இல்லையெண்டு நினைப்பினம்" என்றார்கள். அப்படி ஒன்றும் இல்லை. புள்ளி ஆவணங்களுக்குத்தான், ஆர்வத்துக்கு அல்ல.

நேர்முகத் தேர்வு சில நிமிடங்களில் முடிந்தது. குழுவில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். பைலைத் திறந்தார்கள், ஒப்பந்தத்தைப் பார்த்தார்கள், வாக்காளர் இடாப்பைக் கேட்டார்கள். என் பெயர் வவுனியாவில் அம்மா வீட்டு முகவரியில் இருந்தது. அலஸ்தோட்டத்தில் இருந்த வருடங்களில் கூட நான் இங்கே பதியவில்லை, யாரும் பதியச் சொல்லவும் இல்லை. அந்தப் பத்திக்கு நேரே பேனை ஒரு கோடு கீறியதைப் பார்த்தேன். அடுத்த பத்திக்கும் கோடு. மகள் பக்கத்துக் கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டு, "அம்மா, இதா என்ட ஸ்கூல்?" என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை.

தற்காலிகப் பட்டியல் அறிவித்தல் பலகையில் போட்டபோது அவள் பெயர் இல்லை, காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. மேன்முறையீடு செய்தேன். மேன்முறையீட்டில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, கொடுத்த ஆவணங்களுக்குப் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்குப் புள்ளி தவறாகப் போட்டிருக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் செய்யுங்கள், அது உங்கள் உரிமை. வேறு காரணத்துக்காக என்றால் அந்த நேரத்தில் அடுத்த பள்ளிக்கூடத்தைப் போய்ப் பாருங்கள். அந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. அவர் வட்ஸ்அப்பில் எடுக்கும் நேரமெல்லாம் சண்டை வந்தது. தூரத்தில் இருந்து அவர் "ஏன் கிடைக்கேல்ல" என்று கேட்பதும், பதில் இல்லாமல் நான் கத்துவதும். பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள். காசு போனதைவிட அது எனக்குப் பெரிய வலி.

அதன் பிறகுதான் பள்ளிக்கூடங்களை நானே போய்ப் பார்க்கத் தொடங்கினேன். மருந்துக்கடைக்கு வந்த ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒருவர் சொன்னதுதான் காரணம். "மகள், நீங்கள் ஏ லெவல் ரிசல்ட்ஸைப் பாத்து முதலாம் வகுப்புக்கு இடம் தேடுறீங்கள். முதலாம் வகுப்புக்கு முதலாம் வகுப்பைத்தான் பாக்க வேணும்" என்றார். அரச பாடசாலைகளில் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று ஒரு தரம்பிரிப்பு இருக்கிறது. எல்லாரும் 1ஏபி என்றால் முதல் தரம், வகை 3 என்றால் கடைசித் தரம் என்றுதான் விளங்கிக்கொள்கிறார்கள். அது தரத்தைப் பற்றியதே அல்ல. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1ஏபி. கலை, வர்த்தகம் வரை உள்ளது 1சி. 11ஆம் வகுப்போடு முடிவது வகை 2. ஆரம்ப வகுப்புகள், அல்லது அதற்கு மேல் சில வகுப்புகள் மட்டும் உள்ளது வகை 3. ஐந்து வயதுப் பிள்ளைக்கு விஞ்ஞானப் பிரிவு தேவைப்பட இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. இடையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி மூலம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் மாறலாம், சாதாரண தரத்துக்குப் பிறகு உயர்தரத்துக்கும் மாறலாம். தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்ற பிரிவும் அப்படித்தான். ஒன்று மத்திய அமைச்சின் கீழ், மற்றது மாகாணத்தின் கீழ். பாடப்புத்தகம் இரண்டிலும் ஒன்றுதான், இலவசம்தான்.

நான் பார்த்தவற்றில் மூன்றைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் சொல்லாமல். முதலாவது பிரதான வீதியோடு இருந்தது. வாசலில் பெரிய பதாகை, புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களோடு. பதாகையைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்கப் பழகுங்கள், எத்தனை பேர் எழுதி இத்தனை பேர்? நாற்பது படம் தொங்கினாலும் எழுதியவர்கள் நூற்றறுபது என்றால் கால்வாசி. பன்னிரண்டு பேர் எழுதி ஆறு பேர் சித்தியடைந்த பள்ளிக்கூடம் பதாகையே கட்டியிருக்காது, ஆனால் அது பாதி. அதோடு அந்தப் பிள்ளைகள் பின்னேரம் எந்த ரியூசனுக்குப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். எல்லாரும் ஒரே ரியூசன் என்றால் அந்தப் பெறுபேறு யாருடையது என்று தெரிந்துவிடும். அந்தப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு மிகவும் நெருக்கமாக இருந்தது. ரீச்சர் பின்வரிசைக்குப் போக வேண்டுமென்றால் மேசைகளுக்கிடையே பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டும். நான் நின்ற நேரம் முழுவதும் அவர் பின்வரிசைக்குப் போகவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரால் முடியும்?

இரண்டாவது மிகச் சின்னது. அதிபர் அன்பான மனுசர், என்னைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் காட்டினார். ஆனால் ஆசிரியர் பற்றாக்குறையால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில், ஒரே ரீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். கடந்த வருடம் முதலாம் வகுப்பில் எத்தனை பேர், இப்போது ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். இடையில் பாதிக்கு மேல் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். சின்னப் பள்ளிக்கூடம் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் குறைந்துகொண்டே போகும் இடத்தில் நல்ல ரீச்சரும் இடமாற்றம் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் பகுதியில் மட்டக்களப்பிலிருந்து வந்து படிப்பிக்கும் ரீச்சர்மார் பலர் இருக்கிறார்கள். சொந்த ஊருக்குப் போக விரும்புவது இயல்புதான். அதனால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, முதலாம் வகுப்பு ரீச்சர் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறார், அவர் வராத நாளில் வகுப்பை யார் பார்க்கிறார் என்பது. இரண்டாவது கேள்விக்கு அதிபரிடம் கிடைக்கும் பதிலைவிட, பள்ளிக்கூடம் விடும் நேரம் வாசலில் நிற்கும் அம்மாமாரிடம் கிடைக்கும் பதில் சரியாக இருக்கும்.

மூன்றாவது ஒழுங்கைக்குள் இருந்தது, 11ஆம் வகுப்பு வரை. வெளிச்சுவரில் பெயின்ற் உரிந்திருந்தது. நான் போனபோது முதலாம் வகுப்பு ரீச்சர் நிலத்தில் பாயில் இருந்தார், பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். பிஸ்கட் பெட்டி மட்டைகளை வெட்டி எழுத்து அட்டை செய்து வைத்திருந்தார், ஓரங்கள் கை பட்டுப் பட்டு மழுங்கியிருந்தன. ஒரு பையன் "ட"வை மறுபக்கம் திருப்பி எழுதினான். அவர் திருத்தவில்லை, அவன் விரலைப் பிடித்து அட்டையின் மேல் மெதுவாக ஓட்டினார். பிறகு அவனே அழித்து எழுதினான். நான் ஜன்னலோரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ரீச்சர் பல வருடமாக அங்கேயே இருக்கிறார், வீடும் பக்கத்தில். மகளுக்கு இவர்தான் என்று அப்போதே மனதில் முடிவாகிவிட்டது. ஆனாலும் மற்றதையும் பார்த்தேன். மலசலகூடத்தைப் பார்த்தேன், பைப்பைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன். கூச்சப்படாமல் நீங்களும் பாருங்கள். தண்ணீர் வராத மலசலகூடம் என்றால் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு இருப்பார்கள், தண்ணீரே குடிக்க மாட்டார்கள். மருந்துக்கடையில் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வாங்க வரும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு இது முக்கியமான விஷயமாகிவிட்டது. முடிந்தால் மழைக்காலத்திலும் ஒருமுறை போங்கள். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கத்து ஒழுங்கைகள் குளமாகிவிடும். வாசலில் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கும் பள்ளிக்கூடத்துக்கு அந்த மாதங்களில் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று முன்பே யோசிக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வேலைக்குப் போகும் அம்மாமாருக்கு அதுதான் பெரிய விஷயம். முதலாம், இரண்டாம் வகுப்புகள் 11.30க்கு விட்டுவிடும். பெரிய பிள்ளைகள் 1.30க்கு. டவுனுக்கு ஓடும் ஸ்கூல் வான் பல, 11.30க்கு ஒன்று 1.30க்கு ஒன்று என்று ஓடுவதில்லை. சின்னப் பிள்ளைகளை ஏற்றி வைத்துக்கொண்டு பெரியவர்கள் வரும்வரை நிற்கும். டவுனில் இருந்த மாதங்களில் ஒருநாள் மத்தியானம் நானே கண்டேன். வேப்பமர நிழலில் நின்ற வானுக்குள் நாலு சின்னப் பிள்ளைகள், சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒன்று நித்திரை, ஒன்று அழுதுகொண்டு. ஜன்னல் பாதி திறந்திருந்தது. வான் பேசுகிறவர்கள் காசை மட்டும் பேசாமல் 11.30க்கும் 1.30க்கும் இடையில் பிள்ளை எங்கே இருக்கும், யார் பக்கத்தில் இருப்பார் என்று கட்டாயம் கேளுங்கள். மகளின் பள்ளிக்கூடம் இப்போது வீட்டிலிருந்து நடக்கும் தூரம். பக்கத்து வீட்டு அக்கா தன் பேரனோடு சேர்த்துக் கூட்டிவருகிறார். மாதம் வானுக்குப் போக இருந்த காசில் ஒரு பகுதியை அவர் கையில் கொடுக்கிறேன். முதலில் வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

அரச பாடசாலையில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வசதிக் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா, மின்விசிறிக்கு, வகுப்புக்குப் பெயின்ற் அடிக்க, வாணி விழாவுக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, ஆசிரியர் தினத்துக்கு என்று வரும். பெரிய பள்ளிக்கூடங்களில் இது கூட. அங்கே படிக்கும் பிள்ளைகளின் அம்மாமாரிடம் ஒரு வருடத்துக்கு மொத்தமாக எவ்வளவு போனது என்று கேட்டால் சொல்வார்கள். சங்கத்துக்குக் கொடுக்கும் காசுக்கு ரசீது கேளுங்கள். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் சேர்க்கும் காசுக்கு ரசீது இருக்காது. மற்ற அம்மாமார் கொடுக்கும்போது நீங்கள் மட்டும் மறுப்பதும் கஷ்டம். அதையும் கணக்கில் எடுங்கள்.

பெரிய பள்ளிக்கூடங்களை நான் வெறுக்கவில்லை. அவற்றில் நூலகம் இருக்கிறது, சங்கீத அறை இருக்கிறது, நீண்ட வரலாறு இருக்கிறது. பக்கத்தில் ஐந்து வருடம் வாக்குப் பதிவோடு இருப்பவர்களும், அம்மாவோ அப்பாவோ அங்கே படித்தவர்களும் கட்டாயம் விண்ணப்பியுங்கள். மகளும் ஒருநாள் உயர்தரத்துக்கு அங்கே போகக்கூடும், போனால் சந்தோசப்படுவேன். எனக்குக் கோபம், கிட்டவுள்ள பள்ளிக்கூடங்களைப் பார்க்காமலே அவற்றை ஒதுக்கிவிடும் பேச்சின் மேல்தான். வசதியுள்ளவர்கள் எல்லாரும் பிள்ளைகளை டவுனுக்கு ஏற்றிவிட்டால், ஒழுங்கைக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் வசதியில்லாதவர்களின் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள். அங்கே சுவர் உரிந்திருக்கிறது என்று அதிகாரியிடம் போய்க் கேட்கவும் ஆள் இருக்காது. இந்த வருடம் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து தண்ணீர் டாங்கிக்காக வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வந்திருக்கிறது, ஆட்கள் வந்து அளந்தும் போயிருக்கிறார்கள்.

டவுன் வீட்டை விட்டு மறுபடியும் அலஸ்தோட்டத்துக்கு வந்தபோது பழைய வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். வேறு வீடு எடுத்தேன், மறுபடியும் லொறி 12,000. டவுனில் கூடுதலாகக் கொடுத்த வாடகை மட்டும் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. முற்பணத்தில் 1,40,000 திரும்பி வந்தது, மீதி 70,000 இன்னும் வரவில்லை. சுவரில் ஆணி அடித்ததற்கும் பெயின்றுக்கும் கழித்துவிட்டதாக வீட்டுக்காரர் சொல்கிறார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை. முற்பணம் கொடுத்த அன்று கையெழுத்தோடு ரசீது வாங்கியதால்தான் அங்கே போகவாவது முடிந்தது.

உங்கள் பிள்ளைக்கு இப்போது ஒரு வயதோ இரண்டு வயதோ என்றால், இந்த வருடம் கிராம உத்தியோகத்தர் வாக்காளர் பதிவுப் படிவம் தரும்போது கணவன் மனைவி இருவருடைய பெயரையும் இப்போது இருக்கும் முகவரியில் பதியுங்கள், வாடகை வீடாக இருந்தாலும் சரி. வெளிநாட்டில் இருப்பவரின் பெயரை என்ன செய்வது என்று கிராம உத்தியோகத்தரிடமே கேளுங்கள். திருத்திய இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும்போது போய் உங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், விடுபட்டிருந்தால் அப்போதே எழுதிக் கொடுங்கள். மின்சார, தண்ணீர் பில்களில் ஒன்றையாவது உங்கள் பெயருக்கு மாற்ற வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று வீடு எடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருட இடாப்புப் பிரதியையும், ரசீதுகளையும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் ஒரே பைலில் போட்டு வையுங்கள்.